தாழ்த்திய மாடல் காரில் சஸ்பென்ஷன் வேலை செய்ய வேண்டுமென்றால்

கொடைக்கானலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 1/24 அளவில் டொயோட்டா ஏ.இ.86 பிளாஸ்டிக் கிட் கட்டிக்கொண்டிருக்கிறார். டயரின் மேல் விளிம்பு மட்கார்டுக்குள் லேசாக மறையும் அளவுக்குக் காரைத் தாழ்த்தி நிறுத்த வேண்டும். அதே நேரம் விரலால் அமுக்கினால் அமுங்கி எழவும் வேண்டும். பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கை நான்கு துண்டாக வெட்டி நான்கு சக்கரத்துக்கும் வைத்திருக்கிறார். வண்டி அமுங்க மாட்டேன் என்கிறது, தட்டினால் தவளை மாதிரி துள்ளுகிறது, போதாக்குறைக்கு இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது. "ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் வெட்டிப் பார்க்கட்டுமா அண்ணா?" என்பது கேள்வி.

வெட்டாதீர்கள் தம்பி. உங்கள் மூன்று தொல்லைக்கும் காரணம் அந்த வெட்டுதான். ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டினால் அது பாதி மென்மை ஆகாது, இரண்டு மடங்கு விறைப்பாகும். கால் பங்காக்கினால் நான்கு மடங்கு. நீளம் குறைவதால் கார் இறங்கும், அது உண்மை. ஆனால் இறங்கிய கையோடு கட்டையாகவும் ஆகிவிடும். ஊரில் சில பையன்கள் நிஜக் காரிலேயே கட்டிங் மெஷினை வைத்து ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று நறுக்கிவிட்டு, பிறகு இடுப்பு வலி என்று அலைவதும் இதனால்தான்.

இந்த வேலையில் முதலில் மண்டையில் ஏற வேண்டிய விஷயம்: கார் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது வேறு, எவ்வளவு மென்மையாக அமுங்குகிறது என்பது வேறு. இரண்டையும் ஒரே ஸ்பிரிங்கிடம் கேட்டால் அது ஒன்றைத்தான் தரும். உயரத்தை ஸ்டப் ஆக்ஸில், அதாவது சக்கரம் மாட்டும் சின்ன முளை, இருக்கும் இடத்தை வைத்துத் தீர்மானியுங்கள். மென்மையை ஸ்பிரிங்கிடம் விடுங்கள். சில ஜப்பான் கிட்களில் சக்கரம் மாட்டும் துண்டையே இரண்டு உயரத்துக்கு இரண்டு விதமாகக் கொடுத்திருப்பார்கள், கவனித்திருக்கலாம். அந்த யோசனையேதான், நாம் அதற்குள் ஒரு ஸ்பிரிங்கையும் சேர்க்கப் போகிறோம்.

அதற்கு முன்னால் இடம். 3 மி.மீ. தாழ்த்த நினைக்கிறீர்கள் என்று வையுங்கள். நிஜக் காரில் அது 72 மி.மீ., கிட்டத்தட்ட மூன்று அங்குலம். அத்தனை இறக்கிய பிறகு மேலே அமுங்க 1.5 மி.மீ. வேண்டும், கீழே தொங்க 1 மி.மீ. வேண்டும். இந்த இடத்தை எங்கிருந்து எடுப்பது? பிளாஸ்டிக்கின் தடிமனிலிருந்துதான். கிட் பாடியின் சுவர் 1 மி.மீ.க்குக் குறையாது. அதை 24-ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஓர் அங்குலத் தடிமன் தகட்டில் செய்த கார்! நிஜத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஆகவே மட்கார்டின் உள்பக்கத்தை, வெளி விளிம்பைத் தொடாமல், உருண்டை எமரியாலும் கத்தியாலும் சுரண்டி 0.4 மி.மீ. வரை மெலிதாக்குங்கள். சேசிஸோடு சேர்ந்து வரும் உள் மட்கார்டு குழியின் மேல்பகுதியை நறுக்கி எடுத்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டால் உயர்த்தி மூடுங்கள். கார் மூடியிருக்கும்போது அதை யாரும் பார்க்கப் போவதில்லை.

எவ்வளவு சுரண்டினால் போதும் என்று அறிய ஒரு வழி. மட்கார்டுக்குள் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, சக்கரத்தை மாட்டி, பாடியை எவ்வளவு தூரம் அமுங்க வேண்டுமோ அவ்வளவுக்கு அமுக்குங்கள். முன் சக்கரத்தை முழுவதும் திருப்பிய நிலையிலும் ஒருமுறை அமுக்குங்கள். களிமண்ணில் டயர் பதிந்த தடம் எங்கே உரசுகிறது என்று சொல்லிவிடும். ஏ.இ.86-இல் 185/60 ஆர்14 டயர் போட்டால் விட்டம் சுமார் 578 மி.மீ.; 1/24-இல் 24 மி.மீ. கிட்டோடு வந்த டயர் இதைவிடப் பெரிதாக இருந்தால் முதலில் டயரை மாற்றுங்கள், பிளாஸ்டிக்கில் கை வைப்பது அப்புறம். இந்தக் கட்டம் முடியும் வரை ஸ்பிரிங் என்ற பேச்சே வேண்டாம்.

இப்போது முன்பக்கம். நிஜ ஏ.இ.86-க்கு முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு. அதை அப்படியே 1/24-இல் செய்யப் போனால் கீழ் ஆர்முக்குக் கீல், மேலே சுழலும் இணைப்பு, பால் ஜாயின்ட் என்று ஒவ்வொன்றிலும் லூசு சேர்ந்து, கடைசியில் சக்கரம் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். நான் சொல்வது, வெளியே பார்க்க ஸ்ட்ரட், உள்ளே சறுக்குத் தூண். அதாவது ஒரு நேரான கம்பி மேலும் கீழும் இறுக்கமாக நிற்கும். அதன் மேல் ஒரு குழாய் சறுக்கும். குழாயின் பக்கவாட்டில் ஸ்டப் ஆக்ஸில். இது ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் மோர்கன் கம்பெனி 1909-இல் தன் மூன்று சக்கர வண்டியில் இதைப் போட்டது, இத்தாலியின் லான்சியா லாம்ப்டா 1922-இல் இதே முறையில்தான் வந்தது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது சாய்மானம் மாறாது. குழாய் கம்பியைச் சுற்றித் திரும்பும் என்பதால் ஸ்டீயரிங்கும் தனியாக ஒரு மெனக்கெடல் இல்லாமல் வந்துவிடும்.

குழாய்க்கு மலைமேல் எங்கே போவது என்று கேட்பீர்கள். மருந்துக் கடைக்கு. 18 கேஜ் ஊசி, பிடி இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும். வெளி விட்டம் 1.27 மி.மீ., உள் விட்டம் சுமார் 0.84 மி.மீ. அதற்குள் 0.8 மி.மீ. எஃகுக் கம்பி சறுக்கும். கம்பி கிடைக்காவிட்டால் பச்சைப் பிடி போட்ட 21 கேஜ் ஊசி: வெளி விட்டம் 0.82, ஏறக்குறைய அளவெடுத்துச் செய்தது மாதிரி உள்ளே போகும், ஆனால் கொஞ்சம் பாலிஷ் போட வேண்டியிருக்கும். உறை பிரிக்காத புது ஊசி மட்டும். கூர்முனையை முதலில் நறுக்கி, ஒரு டப்பாவில் போட்டு மூடி, மருந்துக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.

ஊசியைக் கட்டிங் பிளேயரால் வெட்டினால் வாய் நசுங்கிப் போகும். உள்ளே கம்பியைச் செருகிக்கொண்டு, முக்கோண அரத்தால் சுற்றிலும் கோடு போட்டு, பிறகு மெதுவாக வளைத்து ஒடியுங்கள். உள் வாயில் நிற்கும் பிசிறைத் தையல் ஊசியைச் சுழற்றி எடுங்கள். குழாய் தன் எடையிலேயே கம்பியில் சரிந்து விழ வேண்டும். விழாவிட்டால் இன்னும் பிசிறு இருக்கிறது என்று அர்த்தம். இந்த அளவில் வண்டியின் எடை மிகக் குறைவு, உராய்வோ அதே விகிதத்தில் குறைவதில்லை. பெரிய வண்டியில் கவனத்துக்கே வராத பிடிப்பு இங்கே சஸ்பென்ஷனையே நிறுத்திவிடும். ஊசி ஸ்டெயின்லெஸ் எஃகு, சாதாரண பேஸ்ட்டை வைத்து ஈயப்பற்று வைத்தால் ஒட்டாது. எமரியால் சொரசொரப்பாக்கி எபாக்சி போடுங்கள், போதும்.

6 மி.மீ. நீளக் குழாய் எடுத்துக்கொள்ளுங்கள். காரைத் தாழ்த்தும் வேலை இங்கேதான் நடக்கிறது: ஸ்டப் ஆக்ஸிலை அந்தக் குழாயில் 3 மி.மீ. மேலே ஏற்றி ஒட்டினால் கார் 3 மி.மீ. இறங்கிவிடும். ஸ்பிரிங்குக்கு இந்த விஷயம் தெரியவே தெரியாது. குழாய் நிற்கும் இடத்துக்கு 1 மி.மீ. கீழே ஒரு பிளாஸ்டிக் தகடு வைத்தால் சக்கரம் அதற்கு மேல் தொங்காது. கீழ் ஆர்ம் மாதிரி வடிவம் கொடுத்துவிட்டால் பார்ப்பவருக்கு ஆர்ம் என்றே தோன்றும். மேலே பம்ப் ஸ்டாப்புக்கு, அதாவது ஓரளவுக்கு மேல் அமுங்காமல் தடுக்கும் துண்டுக்கு, மின்வயரின் உறையை 4.5 மி.மீ. உயரத்துக்கு நறுக்கிக் கம்பியில் கோத்து, ஸ்பிரிங்குக்குள் விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஸ்பிரிங், கிட்டார் கம்பி. ஊட்டியோ கொடையோ, மலை ஊரில் கிட்டார் வாசிக்காத தெரு குறைவு. கம்பிக்குப் பஞ்சம் வராது. செட்டில் மிக மெல்லியது, '9' என்று கேட்டால் தருவார்கள், 0.23 மி.மீ. அதற்கு அடுத்த '10' 0.25 மி.மீ. வித்தியாசம் அற்பமாகத் தெரியும். ஆனால் சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். ஆகவே 10-ஆம் கம்பியில் சுற்றினால் ஒன்றரை மடங்கு விறைப்பு. சுருளின் விட்டம் கூடினால் அதன் மூன்றாம் அடுக்கில் மென்மையாகும். சுற்றுகள் கூடக் கூட நேர்விகிதத்தில் மென்மையாகும். பேனா ஸ்பிரிங்கின் கம்பி பெரும்பாலும் 0.3 முதல் 0.4 மி.மீ. வரை இருக்கும். அதைக் கால் பங்காக வேறு வெட்டிவிட்டீர்கள், உங்கள் காரின் எடைக்கு அது ஒரு மில்லிமீட்டர்கூட அமுங்கியிருக்காது.

கணக்கைப் போட்டுவிடுவோம். சக்கரம் இல்லாமல் உங்கள் காரைச் சமையலறைத் தராசில் வையுங்கள். 120 கிராம் என்றால் ஒரு சக்கரத்துக்கு 30 கிராம். இந்த 30 கிராமுக்கு ஸ்பிரிங் 4 மி.மீ. அமுங்க வேண்டும். '9' கம்பியில், சுருளின் சராசரி விட்டம் 3 மி.மீ., வேலை செய்யும் சுற்று 13, சும்மா இருக்கும்போது நீளம் 10 மி.மீ. என்று சுற்றினால் சூத்திரப்படி அது கிடைக்கிறது. 10 மி.மீ. ஸ்பிரிங் கார் நிற்கும்போது 6 மி.மீ. ஆகும். முழுவதும் ஒட்டிப்போனால் 3 மி.மீ.; அதற்கு வெகுமுன்பே பம்ப் ஸ்டாப் பிடித்துக்கொள்ளும். கம்பி முறுக்கிவிட்டதும் கொஞ்சம் விரியும் என்பதால் 3 மி.மீ. டிரில் பிட்டில் சுற்றாதீர்கள், 2 மி.மீ.க்குச் சற்று மேலான பிட்டின் வால்பகுதியில் சுற்றி, விட்ட பிறகு அளந்து பாருங்கள். சுற்றும்போது கம்பியை இழுத்துப் பிடியுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அறுந்த முனை எங்கே பாயும் என்று சொல்ல முடியாது.

சுற்றிய ஸ்பிரிங்கைச் சோதிக்கத் தராசே போதும். தராசில் ஸ்பிரிங்கை நிறுத்தி, மேலே ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லை வைத்து, வெர்னியர் காலிப்பரின் ஆழம் பார்க்கும் குச்சியால் 4 மி.மீ. அமுக்குங்கள். 30-க்குப் பக்கத்தில் காட்டினால் வெற்றி. 40 காட்டினால் நான்கு சுற்று அதிகமாகச் சுற்றுங்கள், வெட்டாதீர்கள். ஆறேழு சுற்றி, ஒரே எண் காட்டும் நான்கைப் பொறுக்கிக்கொள்வது உத்தமம். முன்பக்கமும் பின்பக்கமும் எடை ஒன்றாக இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம்: முன் சக்கரம் இருக்கும் இடத்தைத் தராசிலும், பின் சக்கரம் இருக்கும் இடத்தைத் தராசின் உயரத்துக்கு அடுக்கிய புத்தகங்கள் மேலும் வைத்தால் முன்பக்கப் பங்கு தெரிந்துவிடும்.

இடது பக்கம் சாய்வதற்கான விடையும் இந்தச் சுற்று எண்ணிக்கையில்தான் இருக்கிறது. மூன்று நான்கு சுற்று மட்டுமுள்ள துண்டு ஸ்பிரிங்கில் வெட்டும்போது அரைச் சுற்று முன்பின் ஆனால் விறைப்பில் பன்னிரண்டு, பதினைந்து சதவீதம் மாறிவிடும். பதின்மூன்று சுற்றில் அதே அரைச் சுற்று நான்கு சதவீதம்தான். அதற்கும் மேல் மிஞ்சும் சாய்வுக்கு, ஸ்பிரிங்கின் மேல் முனையில் 0.25 மி.மீ. ஷீட்டில் வெட்டிய வாஷர் ஒன்று போட்டால் அந்த மூலை அதே அளவு எழும். நிஜக் காரில் காயில் ஓவரின், அதாவது உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்டின், நட்டைத் திருகுவதும் இதே வேலைதான். ஸ்பிரிங்கை மாற்றியும் சாய்வு மாறவில்லை என்றால் தூண்கள் நேராக இல்லை. அதை எந்த வாஷரும் திருத்தாது. தூணின் மேல்முனை உட்காரும் மேடான ஸ்ட்ரட் டவர் இரண்டிலும் துளை போடும்போதே இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் பட்டையில் அளந்து துளையிட்டு, அந்தப் பட்டையை வைத்தே டவரில் குறியுங்கள்.

பின்பக்கத்துக்குத் தூண் முறை வேண்டாம். அங்கே ஒரே கட்டை ஆக்ஸில். இரண்டு தூண் துளி இணையாக இல்லாவிட்டாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். நிஜ வண்டியில் நான்கு லிங்கும் குறுக்கே ஒரு லேட்டரல் ராடும் சேர்ந்து ஆக்ஸிலைப் பிடிக்கின்றன. நமக்கு 1 மி.மீ. பித்தளைக் கம்பியில் 'ஏ' வடிவச் சட்டம் போதும். அகன்ற பக்கம் ஆக்ஸிலில் பற்று வைத்து, கூர்ப்பக்கத்தில் ஒரு குண்டூசியின் உருண்டைத் தலை. அது சேசிஸின் நடுவில் ஒரு குழியில் உட்கார்ந்து எல்லாப் பக்கமும் திரும்பும். இரண்டு சக்கரமும் சேர்ந்தும் ஏறலாம், ஒன்று மட்டும் ஏறினாலும் ஆக்ஸில் சாய்ந்து கொடுக்கும். பின்பக்கம் இடவலமாக ஆடாமலிருக்க, ஆக்ஸிலின் ஒரு முனையிலிருந்து சேசிஸின் மறுபக்கத்துக்கு 0.3 மி.மீ. கம்பியில் லேட்டரல் ராடு. லிங்குகளை அலங்காரமாக அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம், ஒரு முனையை மட்டும் ஒட்டி.

பின் ஸ்பிரிங் இரண்டையும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சக்கரத்தை ஒட்டி வையுங்கள். பக்கவாட்டுச் சாய்வைத் தாங்கும் பலம் இரண்டு ஸ்பிரிங்குக்கும் இடையே உள்ள தூரத்தின் வர்க்கத்தில் கூடும். நடுவில் நெருக்கி வைத்தால் கார் இடமும் வலமுமாக அலையும். ஆக்ஸில் மேலே வரும்போது காரின் தரைத்தட்டில் முட்டும் என்றால் அந்த இடத்தில் சேசிஸில் அரைவட்டமாக வெட்டி மேலே பாலம் கட்டுங்கள். பெரிய வண்டியைத் தாழ்த்துபவர்களும் சேசிஸ் ரெயிலில் இதைத்தான் செய்கிறார்கள்.

இனி அந்தத் துள்ளல். எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் கார் விளையாட்டுப் பொருள் மாதிரி வெடவெடக்கும், அதற்கு உங்கள் கைவேலை காரணமில்லை. நீளம் 24-இல் ஒரு பங்கானால் எடை 24-ஐ மூன்று முறை பெருக்கிய 13,824-இல் ஒரு பங்காகிறது. 940 கிலோ கார் 68 கிராம் ஆக வேண்டும். புவியீர்ப்பு மட்டும் அளவைக் குறைத்துக்கொள்ள மறுக்கிறது. விளைவு, நிஜக் கார் விநாடிக்கு ஒன்றேகால் முறை ஏறி இறங்கினால், எல்லா அளவையும் துல்லியமாகச் சுருக்கிய மாடல் 24-இன் வர்க்கமூலம் மடங்கு, அதாவது ஏறக்குறைய ஐந்து மடங்கு வேகமாக, விநாடிக்கு ஆறு முறை ஆடும். 2 மி.மீ. மட்டும் அமுங்கும் ஸ்பிரிங் போட்டால் விநாடிக்கு 11. 4 மி.மீ. அமுங்கினால் 8. ஸ்பிரிங் 4 மி.மீ. அமுங்க வேண்டும் என்று முன்பு நான் பிடிவாதம் பிடித்தது இதற்குத்தான்: நீளமான மென்மையான ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைத்து, ஓட்டத்தை மட்டும் ஸ்டாப்பரால் கட்டுப்படுத்த வேண்டும். நிஜக் காரின் நிதானம் ஸ்பிரிங்கை மட்டும் வைத்து வரவே வராது. அதற்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் அமுங்கும் ஸ்பிரிங் வேண்டும், உங்கள் காரின் மொத்த நீளமே அவ்வளவுதான்.

ஆகவே ஷாக் அப்சார்பர் வேலையை எண்ணெயிடம் கொடுங்கள். ரிமோட் கார்க்காரர்கள் டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் சிலிக்கோன் ஆயில் இணையத்தில் கிடைக்கிறது. பாட்டிலில் தடிப்பு எண் போட்டிருக்கும். குழாய்க்கும் கம்பிக்கும் நடுவில் 3,000 எண் ஆயில் ஒரு துளி விட்டால் வெடவெடப்பு அடங்கிவிடும். 30,000 விட்டால், அமுக்கிய கார் நிஜ வண்டி எழும் வேகத்தில் எழும். வீடியோ எடுக்கப் போகிறீர்கள் என்றால் இதுதான் அழகு. ஒரு லட்சத்துக்குப் போனால் ஊர்ந்து ஊர்ந்து எழும், ஹைட்ராலிக் போட்ட வண்டி மாதிரி. பின்பக்கத்தில் தூண் இல்லாததால் ஸ்பிரிங்குக்குள்ளேயே பாதி அளவில் ஊசிக் குழாயும் கம்பியும் வைத்து எண்ணெய் விடுங்கள். கீழ் முனையை மட்டும் ஒட்டி, மேல்முனையைக் கொஞ்சம் ஆடவிட வேண்டும்.

கடையில் கிடைக்கும் சாதாரண கிரீஸ் போதாதா என்றால், சமவெளியில் போதும். நம் பக்கம் 2,000 மீட்டருக்கு மேலே, டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் அது கெட்டியாகி வண்டி அமுங்கிய இடத்திலேயே நின்றுவிடும், மதியம் வெயில் வந்ததும் எழும். சிலிக்கோன் ஆயிலின் தடிப்பு குளிருக்கு அவ்வளவாக மாறாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: பெயின்ட் வேலை முழுவதும் முடிந்த பிறகுதான் அந்தப் பாட்டிலைத் திறக்க வேண்டும். சிலிக்கோன் பட்ட கையால் பாடியைத் தொட்டால் அந்த இடத்தில் பெயின்ட் பிடிக்காது, மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும்.

எடை கூட்டுவதும் கைகொடுக்கும். டயர் கடையில் பேலன்சிங்குக்கு ஒட்டும் எடைத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, சீட்டுக்கு அடியிலும் பானெட்டுக்குள்ளும் ஒட்டினால் ஆட்டம் இன்னும் நிதானமாகும். ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாமல் எடை மட்டும் இரட்டித்தால் வேகம் பத்துக்கு ஏழாகக் குறையும். கார் இன்னும் அமுங்கும், அதே விறைப்பில் நீளமான ஸ்பிரிங்கை மறுபடி சுற்ற வேண்டும் என்பதால், எடையை முதலிலேயே வைத்துவிட்டுத் தராசுக்குப் போங்கள்.

மழைக்காலத்தில் இன்னொரு தொந்தரவு. பனிமூட்டம் அறைக்குள் வரும் நாளில் சூப்பர் குளூ சட்டென்று பிடித்து, சுற்றிலும் வெள்ளைப் படலம் பூக்கும். எபாக்சி நேர்மாறு, குளிரில் இறுகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும், மேஜை விளக்கின் கீழே இரவு முழுக்க விட்டுவிடுங்கள். கிட்டார் கம்பி வெட்டிய இடத்தில் துருப்பிடிக்கும், தையல் மெஷின் எண்ணெய் தடவி வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து அம்பாசடர் கட்டப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஊட்டி டாக்சி ஸ்டாண்டில் ஒரு காலத்தில் வரிசைகட்டி நின்ற வண்டி அது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழி வந்ததால் அதற்கு முன்னால் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது; சேசிஸ் நெடுக ஓடும் டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு தாங்கும் இரும்புத் தண்டு. மாடல்காரனுக்கு இதைவிட லட்டு கிடையாது. கிட்டாரின் 20 நம்பர் உருட்டுக் கம்பி, 0.5 மி.மீ. தடிமன். 40 மி.மீ. நீளத்தில் ஒரு முனையைச் சேசிஸில் இறுக்கி, மறுமுனையை 'எல்' ஆக வளைத்து 10 மி.மீ. ஆர்ம் ஆக்கினால் ஸ்பிரிங்கும் ஆர்மும் ஒன்றாக வந்துவிட்டது. தாழ்த்த வேண்டுமா, இறுக்கிய முனையைக் கொஞ்சம் திருப்பி ஒட்டுங்கள். விறைப்பு மாறாது, உயரம் மட்டும் மாறும். பெரிய வண்டியில் மெக்கானிக் தண்டின் பல்லை நகர்த்தி மாட்டுவதும் இதுவே.

பின்னால் கமான் பட்டை. பழைய சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தின் மெயின் ஸ்பிரிங் 0.1 மி.மீ. சொச்சம் தடிமன், ஒன்றரை மில்லிமீட்டருக்குள் அகலம். கடிகாரம் ரிப்பேர் செய்பவரிடம் உடைந்தது கிடைக்கும். ஒரு பட்டை காரின் எடையைத் தாங்காது. நீளத்தைப் படிப்படியாகக் குறைத்து ஐந்தாறு பட்டை அடுக்குங்கள். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே துள்ளலைத் தின்றுவிடும் என்பதால் எண்ணெய்த் துளி வேலை இங்கே மிச்சம். பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருந்தால், தாழ்த்துவதற்கு ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு கட்டை, லோயரிங் பிளாக். பட்டை ஆக்ஸிலுக்கு மேலே உட்கார்ந்திருந்தால் ஆக்ஸிலைப் பட்டைக்கு மேலே மாற்றி வைத்தாலே கார் சடாரென்று இறங்கிவிடும்.

ஏறவும் இறங்கவும் செய்யும் வண்டி வேண்டும் என்ற உங்கள் ஆசை தனிக் கதை. கலிபோர்னியாவில் 1950-களின் கடைசியில், சக்கர ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதைச் சமாளிக்க ரான் அகிரே என்பவர் 1959-இல் தன் கார்வெட்டில் விமான ஹைட்ராலிக் பாகங்களைப் பொருத்தி, போலீஸைக் கண்டால் வண்டியை உயர்த்திக்கொண்டார். லோ ரைடர்களின், அதாவது காரைத் தரையோடு தாழ்த்தி ஓட்டுபவர்களின், ஹைட்ராலிக் மோகம் அங்கிருந்து கிளம்பியது. மாடலில் ஹைட்ராலிக் வேலையைச் சிரிஞ்ச்தான் செய்யும், 1/24-இல் நான்கு மூலைக்கும் சிரிஞ்ச் ஒளிக்க இடமில்லை. அதற்கு 1/12 எடுங்கள். அந்த அளவில் தமியா போன்றவர்களின் சில கிட்களில் வேலை செய்யும் ஸ்பிரிங்கே கூட வரும், கைக்கும் வசதி.

கொடை ரோட்டில் ஓடும் உங்கள் மாமா காரிலும் இதைச் செய்து பார்க்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே கைவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்ற அனுமதிப்பதில்லை. சட்டத்தை விடுங்கள், மூன்று அங்குலம் இறக்கிய வண்டி எங்கள் ஊட்டிப் பக்கம் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவில் முதல் வேகத்தடையிலேயே சைலன்ஸரைக் கழற்றி வைத்துவிட்டு வரும். மாடலில் அந்தப் பயம் இல்லை. ஒரு கொண்டை ஊசி வளைவை டயோராமாவாக, அதாவது சின்ன அளவுக் காட்சியாக, செய்து காரை நிறுத்துங்கள். சஸ்பென்ஷன் வேலை செய்யாத கார் சரிவில் மூன்று டயரில் நின்று ஒன்றைத் தூக்கிக்கொண்டிருக்கும். உங்களுடையது நான்கையும் ஊன்றி, வெளிப்பக்கம் லேசாக அமுங்கி நிற்கும். இத்தனை பாடும் அதற்காகத்தான்.

முன் ஆக்ஸிலை மட்டும் முதலில் முடியுங்கள். பின்பக்கத்தைத் தற்காலிகமாக ஒரு கட்டை மேல் வைத்து, முன்பக்கம் பிடிப்பில்லாமல் ஏறி இறங்குகிறதா என்று எண்ணெய் விடாமல் பாருங்கள். எண்ணெய் விட்ட பிறகு பிசிறு எது, எண்ணெயின் தடுப்பு எது என்று பிரித்தறிய முடியாது. ஸ்பிரிங்குக்குச் சிவப்போ மஞ்சளோ வேண்டும் என்றால் பெயின்ட் அடிக்க வேண்டாம், சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும். பெர்மனென்ட் மார்க்கரால் தீட்டுங்கள்.